மூலம் பொதுச்சொத்து, அடிக்குறிப்பு அப்படியல்ல

"திருக்குறளுக்கு யாருங்க உரிமை கொண்டாட முடியும்?" வக்கீல் நோட்டீஸோடு வந்து உட்காரும் பதிப்பாளர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் நோட்டீஸைப் படித்தால், எதிர்த்தரப்பு குறளுக்கு உரிமை கேட்டிருக்காது. தன் பதிப்பிலிருந்த உரைக்கும் அடிக்குறிப்புக்கும்தான் கேட்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வேலையை வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றங்களே செய்துவிட்டன. அதற்குப் பெரிதும் வழிவகுத்தது பாடநூல் வியாபாரம்.

கம்பெனி ஆட்சியிலேயே, 1847-இல், பதிப்புரிமைக்கென்று ஒரு சட்டம் வந்தது. நூலைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் அதன்கீழ் வழக்குப் போட முடியும். சட்டம் வந்த பிறகும் பெரிய வழக்குகள் சூடுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அச்சகங்கள் பெருக வேண்டும், மெட்ரிகுலேஷன் எழுதும் மாணவர் கூட்டம் பெருக வேண்டும். அப்போதுதானே திருடுவதில் லாபம்!

1889-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்த்த விரதராஜ் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. விரதங்களைப் பற்றிய பழைய சமஸ்கிருத நூல் அது. ஒருவர் பண்டிதர்களை வைத்து அதை ஒழுங்குபடுத்தி, வேறு நூல்களிலிருந்து பகுதிகள் சேர்த்து, அடிக்குறிப்புகளோடு வெளியிட்டார். இன்னொருவர் அடிக்குறிப்பு உட்பட அதை அப்படியே அச்சிட்டார். நூல் பழையதாக இருக்கலாம், ஆனால் இந்த வடிவத்துக்குப் போட்ட உழைப்பு புதியது என்றது நீதிமன்றம். மூலத்தை எடுத்துக்கொண்டு தானே உழைத்து வேறு பதிப்பு போடுவதை யாரும் தடுக்கவில்லை.

மறு ஆண்டே கல்கத்தாவில் இன்னொரு வழக்கு. பால்கிரேவ் தொகுத்த ஆங்கிலக் கவிதைத் திரட்டின் தேர்வை ஒருவர் மாணவர்களுக்கான குறிப்புகளோடு வெளியிட்டுவிட்டார். உரிமையாளரான மாக்மில்லன் என்ற ஆங்கிலேயப் பதிப்பகம் வழக்குத் தொடுத்து வென்றது. ஒவ்வொரு கவிதையும் யாரோ எழுதியதுதான். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வு பால்கிரேவுடையது.

அதே மாக்மில்லன், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலில் பாதி தோற்றதும் உண்டு. பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி, தாமஸ் நார்த் 1579-இல் ஆங்கிலமாக்கிய அலெக்சாண்டர் வரலாற்றை அது பள்ளி மாணவர்களுக்காகப் பாதியாகச் சுருக்கி, இடையிடையே சில சொற்களால் ஒட்டி வெளியிட்டது. பம்பாயின் கூப்பர் நிறுவனமும் அதைப் போலவே ஒரு பதிப்பு கொண்டுவர, வழக்கு வந்தது. 1923 டிசம்பரில் வந்த தீர்ப்பு, வெட்டி ஒட்டிய மூலப்பகுதிக்கு உரிமை இல்லை, குறிப்புகளுக்கு உண்டு என்றது. கச்சாப்பொருளில் இல்லாத ஏதோ ஒரு தன்மையை உழைப்பும் திறமையும் முதலும் அதில் சேர்த்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல். 2007-இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஒரு நிறுவனத்தின் வழக்கில், வெறும் உழைப்பு போதாது, சிறிதளவாவது சுயமான திறனும், எது சரி என்று சீர்தூக்கி முடிவெடுத்ததும் தெரிய வேண்டும் என்று இதை இன்னும் இறுக்கியது.

அதனால்தான் உரிமை கோரி வருபவர்களிடம் நான் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேட்பதில்லை. இன்று பதிவு கட்டாயமும் இல்லை. கையெழுத்துப் பிரதி, திருத்திய புரூஃப், பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் சொற்கள்) ஒப்பிட்ட தாள்கள், இவைதான் எனக்கு வேண்டும். எழுத்துப்பிழை பார்த்து, பக்கம் வடிவமைத்ததை மட்டும் காட்டினால் வழக்கு நிற்காது என்று சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. எதிர்த்தரப்பு புத்தகத்தில் உங்கள் அச்சுப்பிழைகளும் அப்படியே வந்திருந்தால், சரி, நல்ல சாட்சியம் கிடைத்துவிட்டது.

பதிப்பிக்க நினைப்பவர் பார்க்க வேண்டியது உரையாசிரியர் மறைந்த ஆண்டை. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். உ.வே.சா. 1942-இல் மறைந்தார், ஆகவே அவர் வாழ்நாளில் வெளியிட்ட பதிப்புகளின் குறிப்புகள் 2002 முடிவோடு பொதுவுக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பின்னாளில் வேறொருவர் விளக்கங்கள் சேர்த்துத் திருத்தியிருந்தால், அந்தச் சேர்க்கைக்குத் தனிக் கணக்கு. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தலைப்புப் பக்கத்தையும் முன்னுரைகளையும் படித்துவிட்டு டைப்செட்டிங்குக்குக் கொடுங்கள்.