செசஷன்: ‘பிரிவினை’ என்று எழுதினால் போதுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 1860-61-ல் தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் போனதைக் குறிக்கும் ‘செசஷன்’ (secession) என்ற சொல் வந்ததும் ‘பிரிவினை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது நெருடுகிறது. பிரிவினை என்றதும் நம் மனத்தில் வருவது பாகப்பிரிவினைதான். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, பங்கு பிரித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பத்திரம் பதிவார்கள். 1947-ல் சட்டம் இயற்றிக் கோடு கிழித்ததையும் பிரிவினை என்கிறோம். செசஷனில் பங்காளியின் சம்மதத்துக்கு இடமே இல்லை. ‘நான் போகிறேன்’ என்று ஒருவர் அறிவித்துவிட்டு வெளியேறுவது அது.

மூலம் லத்தீன். ‘சே’ என்றால் தனியே, ‘கேதெரே’ என்றால் போதல். கி.மு. 494-ல் ரோமின் எளிய குடிமக்கள் கடன் கொடுத்தவர்களிடம் கொத்தடிமைப்படும் கொடுமை தாளாமல் நகரை விட்டு வெளியேறிப் புனித மலையில் போய் உட்கார்ந்தார்கள் என்பது ரோமானிய வரலாற்று மரபு. தங்கள் உரிமையைக் காக்கும் ‘ட்ரிப்யூன்’ என்ற பிரதிநிதிப் பதவிகளைப் பெற்ற பிறகே திரும்பினார்கள். அடிமைப்பாட்டிலிருந்து தப்பப் போனவர்களைக் குறித்த அதே சொல், 1860-ல் அடிமைகளை விடுவிக்க மறுத்தவர்கள் கைக்குப் போனது.

அந்த ஆண்டு லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். இருக்கிற இடத்தில் அடிமைமுறையைத் தொடமாட்டேன், புதிய பகுதிகளுக்கு மட்டும் பரவ விடமாட்டேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அமெரிக்கத் தென்னகத்தால் அதைக்கூடப் பொறுக்க முடியவில்லை. டிசம்பர் 20 அன்று சார்ல்ஸ்டனில் கூடிய தென் கரோலினா மாநாடு, 169 பேரில் ஒருவர்கூட மறுக்காமல், ஒன்றியத்திலிருந்து போய்விட்டதாகத் தீர்மானித்தது.

நான்கு நாள் கழித்து அதே மாநாடு காரணங்களை எழுதி வெளியிட்டது. மாநில உரிமைக்காகவே தெற்கு பிரிந்தது என்று இன்றும் வாதாடுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும். தப்பி ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துத் தருவதை வட மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் தடுக்கின்றன என்பதுதான் அதன் முதன்மையான குறை. வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று! மிசிசிப்பி இன்னும் வெளிப்படை: தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்றே எழுதிவைத்தது.

லிங்கன் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. 1861 ஏப்ரல் 12-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஒன்றியப் படை வசமிருந்த சம்டர் கோட்டை மீது தென்னகத்தின் பீரங்கி வெடித்தது. பிறகு மேலும் நான்கு மாநிலங்கள் போயின. நான்காண்டுப் போரில் ஆறு லட்சத்துக்கு மேல் மாண்டார்கள்.

இந்தச் சொல்லின் மீது லிங்கனுக்கே கோபம் இருந்தது. அது சர்க்கரை பூசிய கலகம் என்று 1861 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் எழுதினார். ‘சர்க்கரை பூசிய’ என்பது அரசு ஆவணத்துக்குக் கண்ணியமாக இல்லை என்று அச்சக அதிகாரி ஆட்சேபித்தார். லிங்கன் அதை எடுக்கச் சம்மதிக்கவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? 1963-ல் வந்த இந்திய அரசியல் சட்டத் திருத்தத்தைப் பிரிவினைத் தடைச் சட்டம் என்றே வழங்குகிறோம், ஆகவே ‘பிரிவினை’ பிழை என்று தள்ளமாட்டேன். ஆனால் ‘பிரிந்துபோதல்’ துல்லியம். ‘பிரிந்துபோகும் உரிமை’ ஏற்கெனவே நம் அரசியல் பேச்சில் உள்ள தொடர்தான். ‘விலகல்’ போதாது, சங்கத்திலிருந்து ஒருவர் விலகுவது போலாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘தென் கரோலினா பிரிந்துபோனது’ என்று எழுதும்போது எழுவாய் யார்? அந்த மாநிலத்தின் 7 லட்சம் பேரில் 4 லட்சம் பேர் அடிமைகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ், சார்ல்ஸ்டனில் ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலை ஓட்டியவர். 1862 மே 13, விடிவதற்கு முன், வெள்ளைக்காரக் கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு, தென்னகத்தின் வசமாகியிருந்த சம்டர் கோட்டைக்கு வழக்கமான ஊதல் சமிக்ஞை கொடுத்தபடி கடந்தார். பீரங்கிகளுக்கு எட்டாத தூரம் போனதும் தென்னகக் கொடியை இறக்கிவிட்டு, ஒன்றியக் கடற்படைக்குச் சரணடையும் அடையாளமாக ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினார்.