தீ அடங்கட்டும், அப்புறம் சமைக்கலாம்

கூடாரம் அடித்து முடித்ததும் பசி வந்துவிடும். விறகைக் குவித்து, பெரிதாகத் தீ மூட்டி, அது கொழுந்துவிட்டு எரியும்போதே பாத்திரத்தை ஏற்றிவிடத் தோன்றும். பார்க்க அழகான தீதான், ஆனால் சமைக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. முக்கால் மணி நேரம் பொறுத்தால் அதே விறகு அருமையான அடுப்பாகிவிடும். ஏன் என்று புரிய, விறகு எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டை சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. வெப்பம் 200, 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மரமே சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது. நாம் பார்க்கும் சுவாலை, இந்த வாயுக்கள் எரிவதுதான். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம், உள்ளே மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூடாகி ஒளிர்வது. அந்தத் துகள்கள் எரிந்து தீர்வதற்குள் குளிர்ந்த பாத்திரத்தில் மோதினால் அடியில் கரியாக ஒட்டிக்கொள்ளும். நேரடியாக உணவில் பட்டால் கசக்கும். சுவாலையின் வெப்பத்தில் பெரும்பகுதி மேலே ஏறும் சூடான காற்றோடு போய்விடுகிறது. லேசாகக் காற்று வீசினாலே அது வேறு பக்கம் சாய்ந்துவிடும். வாட்டும் காய் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாகக் கிடப்பது இதனால்தான்.

வாயுக்கள் தீர்ந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அது சுவாலை இல்லாமல், ஆக்ஸிஜன் தொடும் மேற்பரப்பில் மட்டும் எரிகிறது. அதுதான் தணல். நன்றாகச் சிவந்த தணலின் வெப்பநிலை 800 டிகிரி அளவில் இருக்கும். அதன் வெப்பம் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. கதிர் நேர்கோட்டில் போகும், காற்றுக்குச் சாயாது. அதனால் தணலுக்கு மேலே பிடித்த உணவு சீராக வேகிறது.

தணலின் சூட்டை நம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். சூடான பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின் (அதாவது மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணும் வெப்பநிலையின்) நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்று 1879-இல் இயற்பியலாளர் ஜோசப் ஸ்டீஃபன் கண்டறிந்தார். இதன்படி, 600 டிகிரியில் இருக்கும் தணலை விசிறி 800 டிகிரிக்குக் கொண்டுபோனால் கதிர்வீச்சு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். மேலே சாம்பலைத் தூவினால் ஆக்ஸிஜனும் குறையும், கதிரும் தடைபடும், சூடு சட்டென்று இறங்கும். விசிறியும் சாம்பலும் இருந்தால் போதும், காட்டில் அடுப்பின் திருகு கைக்கு வந்துவிடும். உள்ளங்கையைத் தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நீட்டிப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் கடும் சூடு. ஐந்தாறு விநாடி தாங்கினால் நிதானமாக வேகவைக்க ஏற்ற சூடு.

இதைப் பழக உருளைக்கிழங்கைவிட நல்ல பொருள் இல்லை. நடுத்தர அளவுக் கிழங்கைக் கழுவி, எண்ணெயும் உப்பும் தடவி, அலுமினியத் தாளில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்று குழம்ப வேண்டாம், வித்தியாசம் மிகக் குறைவு. சாம்பல் படிந்த தணலில் புதைத்து, இடையில் ஒருமுறை புரட்டி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கினால் வெந்துவிட்டது. அவசரமென்றால் துண்டாக்கிச் சுற்றலாம். வெப்பம் உள்ளே ஊடுருவும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், தடிமனைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசியாகும். அடுப்பு கட்ட ஆற்றங்கரைக் கல்லை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளே தேங்கிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறக்கூடும்.

சரி, பாத்திரத்தில் வேகவைப்பதற்கு வருவோம். ஒரு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கச் சுமார் 335 கிலோஜூல் போதும். அதே நீரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் செலவாகும் எரிபொருளெல்லாம் ஆவியாகத்தான் போகிறது, உணவு அதனால் சீக்கிரம் வேகாது. கொதிக்கும் நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகாது. மூடி போட்டு, மெல்லக் கொதிக்கவிட்டாலே போதும்.

மலை ஏறினால் அந்தக் கொதிநிலையே இறங்கிவிடுகிறது. உயரம் 300 மீட்டர் கூடும்போது ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 3,000 மீட்டரில் நீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும். 1835-இல் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையின் போர்ட்டில்லோ கணவாயைக் கடந்தபோது, இரவு முழுக்க அடுப்பில் கிடந்து, காலையில் மறுபடி கொதித்த உருளைக்கிழங்கும் வேகவில்லை. கூட வந்தவர்கள் புதிதாக வாங்கிய பானைமேல் பழியைப் போட்டார்கள். பானை பாவம். காய்களின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின், ஏறக்குறைய 85 டிகிரிக்கு மேல்தான் வேகமாகக் கரையும். நீர் அந்த எல்லையை ஒட்டியே கொதித்தால் கிழங்கு இளகாது. இங்கே துண்டாக்குவதும் ஓரளவுக்குத்தான் உதவும். வெப்பம் சீக்கிரம் உள்ளே போகும், ஆனால் போய்ச் சேரும் வெப்பம்தான் போதாது. தணலில் புதைத்தாலும் கிழங்கின் உள்ளிருக்கும் நீர் அதே 90 டிகிரியில்தான் கொதிக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் கவலை இல்லை, உள்ளே அழுத்தம் ஏறுவதால் கொதிநிலையும் ஏறும். அதைச் சுமக்க முடியாதவர்கள் நூடுல்ஸ், ஓட்ஸ் போன்றவற்றை எடுத்துப் போகலாம். மாவுச்சத்து 60, 70 டிகிரி வாக்கிலேயே நீரை இழுத்து வெந்துவிடும். அதிலும் உடனடி நூடுல்ஸ் ஏற்கெனவே வேகவைக்கப்பட்டது.

குடிநீருக்கும் இதே கணக்குதான். கிருமிகளை அழிக்க நீர் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் விட வேண்டும்.

எரிபொருள் குறைவாக இருந்தால் பாஸ்தாவை இப்படிச் செய்து பாருங்கள். கொதிக்கும் நீரில் போட்டு, கிளறி, இரண்டு நிமிடம் கழித்து அடுப்பிலிருந்து இறக்கி, இறுக்கி மூடி, தடித்த கம்பளியில் சுற்றி வையுங்கள். உறையில் எழுதியுள்ள நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தால் வெந்திருக்கும். தோல் நீக்கிய பருப்பையும் ஊறவைத்து, சில நிமிடம் கொதிக்கவைத்து இப்படியே வேகவிடலாம். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும் என்பதால் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மழை பெய்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தணலோ கேஸ் அடுப்போ, இரண்டிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, அது ஆளையே கொன்றுவிடும்.

ராஜ்மாவை மட்டும் கம்பளி முறையில் வேகவைக்கவே கூடாது. பச்சை ராஜ்மாவில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 100 டிகிரியில் குறைந்தது பத்து நிமிடமாவது கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரி சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நம்ப முடியாது. உயரமான மலைக்குப் போகிறீர்கள் என்றால், வெந்து டப்பாவில் அடைத்து விற்கும் ராஜ்மாவையே எடுத்துப் போங்கள்.