அந்தியில் ரோஜா ஏன் கருக்கிறது?

தம் வீட்டுத் தோட்டத்தை ஓர் ஓவியத்தைப் போலத் திட்டமிட்டு அமைத்த வாசகர் ஒருவர் கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். பார்த்தவுடன் கண் போய் நிற்க வேண்டிய நடுப்பாத்தியில் அவர் சிவப்பு ரோஜாக்களை வைத்தார். ஓரத்தில், வெற்றிடத்தை நிரப்புவதற்காக மட்டும், நீலக் கொடிவேலியை வளர்த்தார். பகலில் எல்லாம் எண்ணியபடியே இருக்கிறது. ஆனால் சூரியன் மறைந்த சற்று நேரத்தில் ரோஜாக்கள் கரிய பள்ளங்களாகிவிட, யாரும் பொருட்படுத்தாத நீலப் பூக்கள் உள்ளே விளக்கேற்றியவை போலத் துலங்குகின்றனவாம். மாலையில் பூவின் நிறமி மாறிவிடுகிறதா என்று அவர் கேட்கிறார்.

நிறமி மாறுவதில்லை. மறைந்த சூரியனின் ஒளி மேல்வானத்தில் சிதறி வரும்போது நீலம் சற்றுக் கூடியிருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது இந்தக் கதையில் சிறு பங்கே. பெரிய மாற்றம் நிகழ்வது பார்ப்பவரின் விழித்திரையில். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் உடலியல் அறிஞர் யான் பூர்க்கின்யே இதைக் கவனித்தார். விடியும் பொழுதில் நீலம்தான் முதலில் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது என்றும், பகலில் எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று இருக்கும் சிவப்பு நெடுநேரம் இருண்டே கிடக்கிறது என்றும் அவர் 1825-இல் எழுதினார். அந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இரு வகை ஒளியுணர் செல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். நல்ல வெளிச்சத்தில் கூம்புகள் வேலை செய்கின்றன. அவற்றில் மூன்று வகை உண்டு. மூன்றின் பதில்களையும் ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகிறது. இருட்டில் பணியேற்கும் குச்சிகள் மிக நுண்ணுணர்வு கொண்டவை. ஒரே ஓர் ஒளித்துகளுக்குக்கூடப் பதில் தரக்கூடியவை. ஆனால் அவை எல்லாவற்றிலும் இருப்பது ரொடாப்சின் என்ற ஒரே நிறமி. ஒப்பிடுவதற்கு இரண்டாவது நிறமி இல்லாததால் குச்சிகளுக்கு நிறம் என்பதே இல்லை; கூடுதல் ஒளி, குறைந்த ஒளி என்ற வேறுபாடு மட்டுமே உண்டு.

என்னை எப்போதும் வியக்கவைப்பது இதற்கு அடுத்த படிதான். இந்த இரு அமைப்புகளும் ஒளி அலைநீளங்களை வெவ்வேறு தராசுகளில் நிறுக்கின்றன. கூம்புகளின் கூட்டு உணர்திறன் 555 நானோமீட்டரில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சத்தைத் தொடுகிறது. குச்சிகளின் உச்சமோ 507 நானோமீட்டரில், நீலம் கலந்த பச்சையில் இருக்கிறது. இடைவெளி வெறும் 48 நானோமீட்டர்தான். ஆயினும் உச்சத்திலிருந்து விலகிச் சரிவில் இறங்கிப் பார்த்தால் விளைவு மலைக்க வைக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பையும் 470 நானோமீட்டர் நீலத்தையும் சம ஆற்றலில் எடுத்துக்கொள்வோம். பகல் பார்வையில் சிவப்புக்கு உச்சத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடும் நீலத்துக்கு 9 விழுக்காடும் உணர்திறன் உண்டு. அதாவது சிவப்பு மயிரிழையில் முந்துகிறது. இரவுப் பார்வையில் நீலத்தின் பங்கு 68 விழுக்காடாக உயர, சிவப்பின் பங்கு 0.07 விழுக்காட்டுக்கும் கீழே விழுந்துவிடுகிறது. பகலில் ஏறக்குறைய சமமாக இருந்த இரு ஒளிகளில் ஒன்று மற்றொன்றைப் போல ஆயிரம் மடங்கு ஒளிர்வுடையதாகிவிடுகிறது! உண்மையான இதழ்கள் ஒற்றை அலைநீளத்தை அல்ல, அகன்ற பட்டையை எதிரொளிப்பதால் தோட்டத்தில் வேறுபாடு இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனால் ரோஜா கருப்பதற்கு அந்தச் சரிவே காரணம்: அதன் இதழ்கள் அனுப்பும் நெடிய அலைநீளங்களை வாங்கிக்கொள்ளக் குச்சிகளில் ஏறக்குறைய ஏற்பாடே இல்லை.

அப்படியானால் முழு இருளில் நீலப் பூவும் வெளிறிய சாம்பலாகத்தானே தெரிய வேண்டும்? ஆம், அப்படித்தான் தெரியும். வாசகர் பார்த்த அழகு, இரு அமைப்புகளும் சேர்ந்து இயங்கும் இடைப்பட்ட வேளைக்குரியது. குச்சிகள் ஒளிர்வைக் கூட்ட, இன்னும் அணையாத கூம்புகள் நிறத்தைத் தருகின்றன.

இந்த இடைவேளையில் பூக்கள் வேறொரு மாயத்தையும் செய்யும். தாவரவியல் அறிஞர் கார்ல் லின்னேயசின் மகள் எலிசபெத் கிறிஸ்டினா, ஸ்வீடனில் உப்சாலா அருகே ஹம்மார்பியில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில், அந்தி நேரத்தில் நாஸ்டர்டியம் பூக்கள் மின்னல் போல வெட்டுவதைக் கண்டு 1762-இல் அதைப் பற்றி எழுதினார். அப்போது அவருக்கு வயது 19. மின்சாரமாக இருக்கலாம் என்று அக்கால அறிஞர்கள் சிலர் கருதினர். 1799 ஜூன் 19 மாலையில் தோட்டத்தில் நண்பருடன் உலவிக்கொண்டிருந்த ஜெர்மானியக் கவிஞர் கோதே, கசகசாப் பூக்களில் இதையே கண்டார். பூவை நேராக உற்றுப் பார்த்தபோது எதுவும் நிகழவில்லை. நடந்தபடி ஓரக்கண்ணால் பார்த்தபோதுதான் அது மின்னியது. ஆகவே மின்னல் பூவில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். இரவில் ஒளிரும் செடியைக் கண்டால் அதில் தெய்வமோ பேயோ குடியிருப்பதாகச் சொல்லிவிடுவது எளிது. எந்தப் பூ, எந்தப் பொழுது, எப்படிப் பார்த்தபோது என்று பொறுமையாகக் குறித்துவைப்பதுதான் அறிவியல். அந்தப் பெண் செய்தது அதைத்தான். இத்தகைய பயன் கருதாத வேடிக்கைக் கேள்விகளுக்கு ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கு எப்போதும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குச்சிகளைக் கூசவைக்காத சிவப்பு விளக்கு பிற்காலத்தில் கப்பல்களிலும் விமானங்களிலும் வானியல் ஆய்வகங்களிலும் இடம்பெற்றது இந்த அறிவினால்தான்.

தோட்ட வடிவமைப்புக்கு வருவோம். ஓவியம் பயின்றவரான ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கல், தம் இல்லத்தில் அமைத்த ஏறத்தாழ 200 அடி நீளப் பூப்பாத்தியின் இரு முனைகளிலும் குளிர்ந்த வண்ணங்களைத் தொடங்கி, நடுவில் கொழுந்துவிடும் செம்மையில் கொண்டுவந்து சேர்த்தார். பகல் ஒளிக்கு ஈடில்லாத அமைப்பு அது. ஆனால் நம் விழித்திரையின் கணக்குப்படி அந்தியில் முதலில் அணைவது அதன் நடுப்பகுதியாகவே இருக்கும். எனவே வண்ணங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, எந்த நேரத்தில் அமர்ந்து பார்க்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுவது நல்லது. மாலைக்குரிய தோட்டமென்றால் வெளிர்நீலமும் வெள்ளையும் நடுவிடத்தைப் பெறட்டும். வெள்ளை இதழில் வெண்ணிறமி எதுவும் இல்லை. செல்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய காற்றறைகள் எல்லா அலைநீளங்களையும் சிதறடிப்பதால்தான் அது வெண்மையாகத் தெரிகிறது. குச்சிகள் விரும்பும் 507 நானோமீட்டரும் அதில் தாராளமாக அடங்கும்.

விளக்கு வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வலிய வெள்ளொளி பட்டதும் ரொடாப்சின் சிதைகிறது. அது முழுமையாக மீள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நடைபாதைக்கு ஒளி தேவையென்றால், தாழ்வாக, மேல்மூடியிட்டு, செம்மஞ்சளில் மங்கலான விளக்கு போதும். இருள் இன்னும் அடர்ந்த பிறகு வெள்ளைப் பூ ஒன்றை நேராக உற்றுப் பாருங்கள். அது மங்கி மறையும், ஏனெனில் விழித்திரையின் நட்டநடுவில் குச்சிகள் கிடையாது. பார்வையைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தினால் பூ திரும்பி வந்துவிடும்.