எம்$: காரணத்தோடு பிறந்த ஓர் எள்ளற்பெயர்

2004 வாக்கில் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் புதிதாகக் கணினி வாங்கியிருந்தார். வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பிய மின்னஞ்சலில் தமிழெழுத்தெல்லாம் கட்டங்கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்யலாம் என்று எனக்கு எழுதிக் கேட்டார். நான் அப்போது விண்டோஸுக்குப் போட்டியான லினக்ஸ் என்ற இயங்குதளத்தின்மேல் பித்துப் பிடித்துத் திரிந்தவன். வழி சொல்வதற்கு முன்னால் விண்டோஸைச் செய்த நிறுவனத்தை ஒரு பத்தி நீளத்துக்குத் திட்டி எழுதினேன். பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை. ஆங்கில எம் எழுத்தைப் போட்டு, எஸ் வர வேண்டிய இடத்தில் டாலர் குறியைப் போட்டிருந்தேன்.

மறுநாள் டீச்சர் தொலைபேசியில் கேட்டார்: "எம் போட்டுப் பக்கத்துல டாலர் போட்டிருக்கியே தம்பி, தட்டச்சுப் பிழையா?"

"பிழை இல்ல டீச்சர், அது ஒரு பட்டப்பெயர்."

"பட்டம்னா பெருமைக்குக் கொடுக்கறதாச்சே. இது திட்டு மாதிரி இருக்கே. இதுக்குச் சரியான சொல் என்ன?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன்.

எம்$ என்பது மைக்ரோசாஃப்ட்டைக் குறிக்கும். எம்எஸ் என்ற சுருக்கத்தில் எஸ்ஸைத் தூக்கிவிட்டு, அதே சாயலில் இருக்கும் டாலரை வைப்பது. முழுப்பெயரை எழுதும்போதும் நடுவில் வரும் எஸ்ஸை இப்படி மாற்றுவார்கள். பணத்தாசை பிடித்த நிறுவனம் என்பது பொருள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: முழுப்பெயரில் செருகிய டாலர் காதுக்கு எட்டாது. உரக்கப் படித்தால் வெறும் மைக்ரோசாஃப்ட்தான். கண்ணால் படிப்பவருக்கு மட்டும் அந்தத் திட்டு தெரியும். மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல், குரல் கேட்காமல், எழுத்தாலேயே சண்டை போட்டுக்கொண்ட ஓர் இடத்தில்தான் இப்படி ஒரு பெயர் பிறக்க முடியும். 1980களிலும் 90களிலும் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் நடந்தவை அந்த மாதிரிச் சண்டைகள்.

டாலர் குறி அவர்கள் விரலுக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் நிரல் எழுதக் கற்றவர்களில் பலர் பேசிக் மொழியில் தொடங்கியவர்கள். 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த மொழி அது. அதன் பல வடிவங்களில், ஒரு மாறியில் (நிரலில் மதிப்பை வைக்கப் பெயரிட்ட இடம்) எண்ணை வைக்காமல் பெயர், ஊர் போன்ற எழுத்துச் சரத்தை வைக்க வேண்டுமானால் மாறியின் பெயருக்குப் பின்னால் டாலர் போட வேண்டும். ஏ$ என்று எழுதி "ஏ ஸ்டிரிங்" என்று படிப்பார்கள், ஸ்டிரிங் என்றால் சரம். அங்கே டாலரே எஸ்ஸுக்கு நின்ற எழுத்து. மைக்ரோசாஃப்ட் 1975-ல் விற்ற முதல் சரக்கும் ஆல்டேர் என்ற சிறு கணினிக்கான பேசிக்தான்.

காசுச் சண்டையும் அங்கிருந்தே தொடங்குகிறது. அந்த பேசிக்கைப் பொழுதுபோக்குக் கணினிக்காரர்கள் காகித நாடாவில் படியெடுத்து ஆளுக்கு ஆள் கொடுத்துக்கொண்டார்கள். இருபது வயதே ஆன பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் அவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள், எங்களுக்கு வந்த உரிமத்தொகையைக் கணக்குப் போட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்பது அதன் சாரம். உழைப்புக்குக் கூலி கேட்டது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பகிர்ந்து பழகிய ஒரு கூட்டத்தைத் திருடர் என்று அழைத்தது அவர்கள் மனதில் ஆறாமல் கிடந்தது.

எஸ்ஸுக்குப் பதில் டாலர் போடும் பழக்கம் மைக்ரோசாஃப்ட்டோடு நிற்கவில்லை. கம்ப்யூசர்வ் என்ற பழைய அமெரிக்க இணைப்புச் சேவையின் சுருக்கப்பெயர் சிஐஎஸ். அதை சிஐ$ என்று எழுதுவார்கள். அந்தச் சேவை இணைப்புக்கு வாங்கிய கட்டணம் அப்படி. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அதை எழுதியவர்களில் பலர் அந்தச் சேவையின் வாடிக்கையாளர்களே. தங்கள் கையொப்பத்தில் முகவரிக்கு முன்னால் சிஐ$ என்று போட்டுக்கொள்வார்கள். காசு கட்டுகிறவனின் முணுமுணுப்பு அது. கணினிக்காரர்களின் கொச்சைச் சொற்களைத் திரட்டிய ஜார்கன் ஃபைல் என்ற தொகுப்பில் சிஐ$, எம்$ இரண்டுக்கும் பதிவு உண்டு. 1975-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய தொகுப்பு அது.

எம்$ அதைவிடப் பெரிதாகப் பரவியதற்குக் காரணம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணினித் தயாரிப்பாளர்களோடு போட்ட உரிம ஒப்பந்தங்களில் ஒரு வகை, விற்ற ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் கேட்டது. அந்தக் கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் உண்டு. போட்டியாளரின் இயங்குதளத்தைப் போட்டு விற்றால் தயாரிப்பாளர் இரண்டு பக்கமும் காசு கொடுக்க வேண்டும். 1994-ல் அமெரிக்க அரசின் நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில்தான் அந்த முறை நின்றது. அப்புறமும் கடையில் வாங்கும் கணினியில் விண்டோஸ் ஒட்டிக்கொண்டே வந்தது. லினக்ஸ்காரர்கள் இதை "மைக்ரோசாஃப்ட் வரி" என்றார்கள். வாங்குபவருக்கு விண்டோஸோடு வரும் உரிம ஒப்பந்தத்திலேயே, உடன்பாடில்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1999 பிப்ரவரி 15 அன்று, திறக்காத விண்டோஸ் பெட்டிகளோடு சிலர் கலிஃபோர்னியாவில் ஃபாஸ்டர் சிட்டியில் இருந்த நிறுவன அலுவலகத்துக்கே போய் நின்றார்கள். கணினி செய்தவரிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதே சமயத்தில் நீதிமன்றத்தில் பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் தொடுத்த ஏகபோக வழக்கு. நிறுவனத்தை இரண்டாக உடைக்க வேண்டும் என்று 2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்த உடைப்பு உத்தரவு தள்ளுபடியானது. ஆனால் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவு நிலைத்தது. திட்டு ஒருபக்கமாக மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2001-ல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். எம்$ என்று எழுதியவன் கையில் அன்று இவ்வளவு காரணம் இருந்தது.

காரணம் என்றதும் பள்ளிக்கூட இலக்கணம் நினைவுக்கு வருகிறது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்போம். மரம், மலை இடுகுறி. பறப்பதால் பறவை, நான்கு கால் இருப்பதால் நாற்காலி: இவை காரணப்பெயர். சரி, அலுவலகத்தில் உருட்டிக்கொண்டு போகிறோமே, அந்தச் சுழல்நாற்காலிக்கு அடியில் எண்ணிப் பாருங்கள், ஐந்து கால். யாரும் ஐங்காலி என்று சொல்வதில்லை. பெயர் காரணத்தோடு பிறக்கிறது, நாளாக ஆகக் காரணம் கழன்று விழுந்து வெறும் அடையாளமாக நின்றுவிடுகிறது. எம்$ போன்ற பெயர்களுக்கும் இதே கதிதான் என்பது என் துணிபு. முதலில் எழுதியவனுக்கு உரிமக் கட்டணம் தெரியும், வழக்கு தெரியும். பத்து வருடம் கழித்து எழுதியவனுக்கு, நான் எந்தக் கட்சி என்று காட்ட ஒரு சின்னம் போதும். நான் டீச்சருக்கு எழுதிய மின்னஞ்சலில் இருந்தது அந்தச் சின்னம்தான். 1994 உடன்பாட்டைப் பற்றி அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒரு வரி சொல்லத் தெரிந்திருக்காது.

பெயர் ஆள் மாறி உட்காருவதும் உண்டு. "தீய பேரரசு" என்பது ரொனால்ட் ரீகன் 1983-ல் சோவியத் ஒன்றியத்தைச் சொன்னது. கணினிக்காரர்கள் அதை எடுத்து ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்துக்குச் சூட்டினார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட்டுக்கு. முன்பு ஐபிஎம், இப்போது மைக்ரோசாஃப்ட் என்றே ஜார்கன் ஃபைல் எழுதிவைத்திருக்கிறது, ஏதோ பட்டாபிஷேகம் நடந்ததைப் போல. ஐபிஎம் கோலோச்சிய 1960களில் ஏளனம் எதிர்ப்பக்கமும் விழுந்தது: மற்ற ஏழு கணினி நிறுவனங்களையும் சேர்த்து "ஏழு குள்ளர்கள்" என்பார்கள்.

காரணம் பின்னால் வந்து சேர்ந்த பெயரும் ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனம் 1999 அக்டோபர் 4 அன்று தன் புதிய கணினிச் செயலிக்கு (பிராசசர்) இட்டானியம் என்று பெயர் அறிவித்தது. சில மணி நேரத்திலேயே யூஸ்நெட்டில் அதை இட்டானிக் ஆக்கிவிட்டார்கள். டைட்டானிக் கப்பலின் பெயரில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் ஆங்கிலத்தில் அப்படியே இட்டானிக். செயலி சந்தைக்கு வந்ததே 2001-ல்தான். ஓட்டிப் பார்க்காமலே வைத்த பெயர். ஆனால் அது எதிர்பார்த்த அளவுக்கு விற்கவேயில்லை, 2021-ல் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குப் படிக்கிறவருக்கு அது காரணப்பெயர் போலவே தெரியும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் வைக்கும் பெயர்கள் வேறு ரகம். யாரும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான இயக்கத்தைத் தொடங்கிய அவர், மின்னூல் படிக்கும் அமேசானின் கிண்டில் கருவியை ஸ்விண்டில் என்பார். ஆங்கிலத்தில் அதற்கு ஏமாற்று என்று பொருள். இது காதுக்கும் கேட்கிறது. காரணத்தையும் கூடவே சொல்லிவிடுவார். 2009-ல் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்கள் கருவியிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது என்றாலும், வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தைக் கடைக்காரர் வந்து எடுத்துப்போவதை யார் ஒப்புவார்?

இனி டீச்சரின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதைப் பொதுவாக நிக்நேம் என்பார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அது ஈக்நேம், கூடுதல் பெயர் என்று பொருள். முன்னால் வரும் "அன்" என்பதன் கடைசி எழுத்து பெயரோடு ஒட்டிக்கொண்டு நிக்நேம் ஆனது. அதில் ஏளனம் கட்டாயமில்லை. தமிழில் நாம் சொல்லும் பட்டப்பெயரும் அப்படித்தான். ஊரில் குட்டையனுக்கும் பட்டப்பெயர் உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு. பட்டம் என்பதில் பெருமையும் இருக்கிறது, "துரோகிப் பட்டம் கட்டிட்டாங்க" என்னும்போது பழியும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான சொல் என்பதால் இங்கே போதாது. டீச்சர் உறுத்தலாக உணர்ந்தது சரிதான்.

கேலிப்பெயர் என்றால் எல்லாருக்கும் புரியும், பேச்சில் அதையே சொல்லலாம். ஆனால் கேலி கொஞ்சம் செல்லமானது. வசைப்பெயர் என்றால் சிரிப்பு போய்விடுகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சொல்லைத் தொல்காப்பியம் எப்போதோ கொடுத்திருக்கிறது. நகை, அதாவது சிரிப்பு, எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று நான்கைச் சொல்லும்போது "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று எள்ளலை முதலில் வைக்கிறது. ஒருவரைத் தாழ்த்தி, அதனாலேயே சிரிக்க வைப்பது எள்ளல். எம்$ செய்வது இதைத்தான். ஆகவே எள்ளற்பெயர். அதே நூல் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கும்: வெளிப்படையாகப் பழித்தால் வசை, சொல்லை மறைத்துப் பழித்தால் பழிகரப்பு. பாட்டுக்குச் சொன்னதைப் பெயருக்கும் நீட்டிக்கொண்டால், "தீய பேரரசு" வெளிப்படை, அதனால் அது வசைப்பெயர். எஸ்ஸுக்குள் டாலரை ஒளித்துவைத்த எம்$ பழிகரப்பு. இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் இரண்டு சொல் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் பட்டப்பெயர் என்று ஒரே கூடையில் கொட்ட வேண்டியதில்லை.

டீச்சரின் கட்டங்கள் என்ன ஆயின என்று சொல்லவில்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். விண்டோஸ் எக்ஸ்பி. வட்டார அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் வட்டைப் போட்டு மறுதொடக்கம் செய்ததும் மகனின் கடிதம் லதா எழுத்துருவில் தமிழாக வந்து நின்றது. விண்டோஸ் 2000 தொட்டே தமிழ் ஒருங்குறிக்கு (யூனிகோட்) லதாவைச் சேர்த்துக் கொடுத்தது நான் எள்ளிய அதே நிறுவனம்தான். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தை முதலிலிருந்து வாசித்தார். நான் டாலரைப் பற்றி அன்று வாயே திறக்கவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து, தமிழில் இந்த எள்ளற்பெயரை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மைக்ரோ$ாஃப்ட் என்று தட்டினால் துணைக்கால் ஏறி உட்கார எழுத்து இல்லாமல் தவித்தது. பல எழுத்துருக்களில் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கும். டாலர் நம் சகரத்தைப் போலவும் இல்லை, ஸகரத்தைப் போலவும் இல்லை. கண்ணுக்கான அந்த வேடிக்கை ரோமன் எழுத்தோடு முடிந்துவிடுகிறது. தமிழ் எள்ளுவது காதால். ஃபேஸ்புக்கை முகநூல் என்று மொழிபெயர்த்தவுடனே அதை "மூஞ்சிப் புத்தகம்" ஆக்கியவர்கள் நம்மவர்கள்தான். முகம் மூஞ்சியானதும் மரியாதை இறங்கிவிட்டது, எழுத்தில் வித்தை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த நிறுவனம் 2021-ல் மெட்டா என்று பெயர் மாற்றியபோது எபிரேய மொழிக்காரர்கள் சிரித்ததும் காதால்தான். அவர்கள் மொழியில் அந்த ஒலிக்கு "செத்துப்போனாள்" என்று பொருள்.

அதனால் எம்$ என்பதைத் தமிழாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான் டாலரை விட்டுவிட்டு ஓர் எழுத்தைக் கூட்டுவேன்: மைக்ரோகாசாஃப்ட். ஒரே ஒரு கா. உரக்கப் படித்துப் பாருங்கள், நடுவில் காசு கேட்கும்.