டவர் போன இடத்திலும் கணக்கு சரியாக இருக்க வேண்டும்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வீட்டில் இருந்தபடியே லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு பேக்எண்ட், அதாவது ஆப்புக்குப் பின்னால் சர்வரில் ஓடும் கோடு, எழுதுகிறவர்களுக்கு இது. லாரியும் குடோனும் கண்ணில் படாத வேலை. வீட்டு வைஃபையில் டெஸ்ட் எல்லாம் பாஸாகும். நெட் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பு கோடுக்குள் புகுந்துவிடும்.

பாபநாசத்துக்கு மேலே காரையார் பக்கம் ஒரு டிரைவர் 'டெலிவரி முடிந்தது' பட்டனை அமுக்குகிறார் என்று வையுங்கள். தகவல் சர்வருக்கு வந்துவிட்டது. பதில் போவதற்குள் டவர் போய்விட்டது. திரை சுற்றிக்கொண்டே நிற்க, மறுபடி அமுக்குகிறார். விக்கிரமசிங்கபுரம் வந்து டவர் கிடைத்ததும் ஆப் தானாக இரண்டையும் மறுபடி அனுப்புகிறது. ஒரே பார்சலுக்கு மூன்று பதிவு. கேஷ் ஆன் டெலிவரி என்றால் சாயங்காலம் ஹப்பில் கணக்கு இடிக்கும். அந்தப் பணத்துக்கு டிரைவரைத்தான் முதலில் கேட்பார்கள். நம் கோடில் உள்ள ஓட்டைக்கு அவர் கைக்காசு போகக் கூடாது.

ஒவ்வொரு டெலிவரி முயற்சிக்கும் ஒரு யூயூஐடி, அதாவது வேறு எதனுடனும் மோதாத தனி அடையாள எண், வேண்டும். அதை பட்டன் அமுக்கும்போது உருவாக்காதீர்கள்; இரண்டாம் முறை அமுக்கினால் புது எண் வந்துவிடும். வேலையை டிரைவருக்கு ஒதுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள்; ஒரே எண் இரண்டாம் முறை நுழையாது. 'முதலில் தேடு, இல்லையென்றால் சேர்' என்ற முறை போதாது: ஒரே நேரத்தில் வரும் இரண்டு ரெக்வெஸ்டும் 'இல்லை' என்றே பார்க்கும். நேரே இன்சர்ட் செய்து, மோதினால் பழைய பதிலையே 200 (வெற்றி) என்று திருப்பி அனுப்புங்கள். பிழை என்று சொன்னால் சில ஆப்கள் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். டெலிவரியும் பணமும் சேர்ந்தே பதிவாக, பண வரவும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கட்டும். போன் நேரம், சர்வர் நேரம் இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள். தாமதமாக வரும் பழைய தகவல் புதிய நிலையை அழித்துவிடக் கூடாது.

நேரம் இடறும் இன்னொரு இடம் இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. கெடு நள்ளிரவில் முடியும். அது இந்திய நள்ளிரவு; சர்வர்கள் வழக்கமாக வைத்திருக்கும் உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தைய மாலை 18:30. யூடிசி நள்ளிரவை வைத்துக் கணக்குப் போட்டால், காலாவதியான பில் காலை 5:30 வரை உங்கள் திரையில் பச்சையாக நிற்கும். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கிளம்பிய வண்டியோ வழியில் சோதனையில் மாட்டியிருக்கும். நீட்டிக்க, கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரமும் பின் 8 மணி நேரமும்தான் வாய்ப்பு. எச்சரிக்கை முன் 8 மணி நேரம் தொடங்கும்போதே போக வேண்டும்.

உங்கள் மேஜைக்கும் இதே விதிதான்: நெட்டும் கரண்டும் எப்போதும் இருக்கும் என்று நம்பாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் நாளில் டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை) வைக்காதீர்கள். எந்த நாளானாலும் அதை லேப்டாப்பிலிருந்து நேராக ஓட்டாமல், சர்வரில் டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள்; உங்கள் இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல், கான்கரன்ட்லி போட்டுக் கட்டும் இண்டெக்ஸ் பாதியில் நின்றால், செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை நீக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ஃபைபர் பெட்டிக்கு மினி யூபிஎஸ் வாங்குமுன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ரவுட்டர் தனியாக இருந்தால் அதற்கும் ஒரு இணைப்பு தேவை. மாற்று மொபைல் சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் போனும் சேர்ந்தே போன ஊர்கள் இங்கே உண்டு. அதனால் ஆன்கால் குறிப்புகளை (சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்ற குறிப்புகளை) லேப்டாப்பில் பூட்டி வைக்காமல், வேறு ஊரில் இருக்கும் ஒருவர் அதைப் பார்த்து சர்வரை மீட்க முடிகிறதா என்று ஒரு முறை செய்தே பார்த்துவிடுங்கள்.