பூட்டுப் படத்தை நம்பி அட்டை இலக்கம் கொடுக்காதீர்கள்

“உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, சிறு கட்டணம் கட்டினால் வீட்டுக்கு வரும்.” கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பொதி வருவது யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு வழக்கம் என்பதால் இப்படியொரு குறுஞ்செய்தியில் சந்தேகமே வராது. இணைப்பைத் தட்டினால் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரி, பல உலாவிகளில் (தளம் பார்க்கும் செயலிகளில்) பூட்டுப் படமும் இருக்கும். அதை நம்பித்தான் அந்தப் போலித் தளத்தில் அட்டை இலக்கம் முதல் ஓடிபி, அதாவது வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கம் வரை கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு டிஜிட்டல் கையொப்பம். தளத்தின் பெயரும் அதன் பொதுத் திறவியும் (யாரும் பார்க்கக்கூடிய குறியாக்க எண்) அடங்கிய சான்றிதழில், சான்றளிக்கும் நிறுவனம் தனக்கு மட்டும் தெரிந்த இரகசியத் திறவியால் ஒப்பமிடுகிறது. உலாவி அதைச் சரிபார்க்கிறது. கிராம சேவகர் தரும் வதிவிடச் சான்றிதழ் போலத்தான்: இன்ன விலாசத்தில் இருப்பவர் இவர் என்று சொல்லும், இவரை நம்பிக் காசு கொடுக்கலாமா என்று சொல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிக்கும் நிறுவனம் 2015 முதல் தளச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்கிறது. இணையத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் மோசடிக்காரரும் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். பூட்டைக் கண்டால் தளமே நல்லது என்று மக்கள் எண்ணியதால் குரோம் உலாவி 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

ஆகவே பெயரைப் பாருங்கள். போனில் முகவரி பாதியில் வெட்டுப்படும். அதைத் தட்டி முழுதாகத் திறந்து, பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். வங்கியின் பெயர், டொட், பிறகு ‘எல்கே-பே டொட் கொம்’ என்றிருந்தால், தளம் ‘எல்கே-பே டொட் கொம்’மைப் பதிந்தவருடையது. வங்கியின் பெயர் அங்கே வெறும் அலங்காரம். முகவரிக்கு இடப்பக்கச் சின்னத்தைத் தட்டினால் சான்றிதழ் யாருக்கு, எந்தத் திகதி வரை என்றும் தெரியும். சான்றிதழில் நிறுவனப் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம்; நேர்மையான பல தளங்களிலும் அது இருக்காது.

எல்லாத் தளத்துக்கும் உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினியில் கடிகாரத்தை ஓடவைக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரி செத்திருந்தால், மின்சாரம் நின்று வந்ததும் திகதி பல வருடம் பின்னே போய்விடும். சான்றிதழ்கள் ‘இன்னும் தொடங்காதவை’ ஆகிவிடும். பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினால் சரி. ஆண்ட்ராய்ட் 7.1.1க்கு முந்திய போன்களில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஒப்பத்தைச் சரிபார்க்க வேண்டிய மூலச் சான்றிதழ் இல்லாததால், அதனிடம் சான்றிதழ் எடுத்த நல்ல தளத்துக்கும் எச்சரிக்கை வரலாம். அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம். திகதி சரி, போனும் புதிது, ஒரு தளத்துக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறதா? ‘தொடரவும்’ என்பதைத் தொடாமல் மூடிவிடுங்கள்.

ஓடிபி கொடுத்தாயிற்றென்றால், அட்டையின் பின்புறம் அச்சிட்ட இலக்கத்துக்கு உடனே அழைப்பெடுத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் உள்ள இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம்.