மூச்சிரைப்பும் தொடைத் தசையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், காலமெல்லாம் ரப்பர் பால்வெட்டில் உழைத்து, சிகரெட்டும் பிடித்து, இப்போது மூச்சிரைப்பால் அவதிப்படும் பெரியவர்களிடம் வீட்டார் அடிக்கடி சொல்வது, "நடக்காதீங்கப்பா, உட்காருங்க" என்பதுதான். அக்கறையில் சொல்வதே என்றாலும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரை அது மேலும் முடக்கிவிடுகிறது.

இந்நோயில் மூச்சை இழுப்பதைவிட வெளிவிடுவதே பெரும்பாடு. சிறு காற்றுக்குழாய்கள் குறுகி, காற்றறைகளின் மீள்தன்மையும் குறைந்துபோவதால், உள்ளே சென்ற காற்று வெளியேற நேரம் பிடிக்கிறது. வேகமாக நடக்கையில் அந்த நேரம் சுருங்கிவிட, முந்தைய மூச்சின் மிச்சம் தேங்கி, அதன்மேலேயே அடுத்த மூச்சு ஏறுகிறது. நெஞ்சு உப்பி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகி, மேற்கொண்டு இழுக்க இடமில்லாமல் அவர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.

இதற்கு அஞ்சி உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசைகள் மெலிகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அவற்றில் குறைந்துவிடுவதால், சிறு வேலைக்கே லாக்டிக் அமிலம் சேர்கிறது. உடல் அதைச் சமன்செய்யும்போது கூடுதலாக உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்ற, ஏற்கெனவே திணறும் நுரையீரல் இன்னும் வேகமாக இயங்க வேண்டியிருக்கிறது. பயிற்சி மாற்றுவது இந்தக் கணக்கைத்தான். சேதமடைந்த நுரையீரலை அது சீராக்குவதில்லை. கருவியில் ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் சோதனையான ஸ்பைரோமெட்ரியின் அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் தசை தேறிவிட்டால், அதே தூரத்தைக் கடக்கக் குறைந்த மூச்சே போதும்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி வழக்கமாக 6 முதல் 8 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும். முதலில், சமதளமான 30 மீட்டர் நடைபாதையில் 6 நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். பயிற்சியின்போது 0 (இரைப்பே இல்லை) முதல் 10 (தாங்க முடியாத இரைப்பு) வரையிலான இரைப்பு அளவுகோலில் 4 முதல் 6 வரை எட்டுவதே இலக்கு; இரைக்கவே கூடாது என்று எண்ணி நடந்தால் தசைக்குப் பயனில்லை. தொடர்ந்து நடக்க முடியாதவர் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடும்போது, காற்றுக்குழாய்கள் விரைவில் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேறுகிறது.

மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது முறை. இன்ஹேலர் கையிலிருக்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தோட்டத்து மேட்டுப் பாதையைவிடச் சமதளமான திடலே தொடக்கத்துக்கு ஏற்றது. புகைமூட்டம் சூழ்ந்து, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாள்களில் வெளியே நடப்பதைத் தவிர்த்து, சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரலாம். எழும்போது மூச்சை விட வேண்டும்.